வெளிநாட்டுச் சேவைக்குப் போகிறவர்களுக்கு மெடிக்கலில் விற்கும் முதலுதவிப் பை போதுமா?

கோவை, திருப்பூர், ஈரோடு மெடிக்கல்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குமே, அந்தச் சிவப்பு ஜிப் பையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கம்பெனி மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். விலை 500 ரூபாயிலிருந்து 1,000 வரை. நேபாளத்திலோ கென்யாவிலோ பள்ளியில் பாடம் நடத்தவும், கம்போடியாவில் கழிப்பறை கட்டிக் கொடுக்கவும் தன்னார்வலராகக் கிளம்பும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டார் வாங்கித் தருவது இதைத்தான். வீட்டுக்கும் காருக்கும் இது தாராளமாகப் போதும். ஆஸ்பத்திரி அரை நாள் தூரத்தில் இருக்கும் ஊருக்கு இதை அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

பையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துணி கெட்டி, ஜிப் இரண்டு பக்கமும் ஓடும், வலை அறைகள் இருப்பதால் கரண்ட் இல்லாத ராத்திரியிலும் தடவி எடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் சாமான்தான் சரியில்லை. பட்டியலில் எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் சின்னச் சின்ன பிளாஸ்டர்கள். விரல் கீறலுக்கு அது போதும். தகரம் கிழித்த முழங்காலுக்கு அது எந்த மூலைக்கு?

காஸ் துணியைப் பாருங்கள். தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நல்ல காஸில் வெட்டிய ஓரம் உள்பக்கமாக மடங்கியிருக்கும். மலிவான பைகளில் வருவது ஓரம் வெளியே நிற்கும் வெட்டுத்துண்டு. விரலால் நீவினாலே நூல் பிரியும். அந்த நூல் காயத்தில் தங்கினால் ஆறுவது தள்ளிப்போகும். கூடவே வரும் பஞ்சு உருண்டை அதைவிட மோசம், திறந்த காயத்தில் அதை வைக்கவே வேண்டாம். சர்ஜிக்கல் கடையில் தனித்தனி உறையில் வரும், கிருமி நீக்கிய 10 செ.மீ. காஸ் பத்து, ஒட்டாத டிரெஸ்ஸிங் நான்கு, பேப்பர் டேப் ஒரு ரோல் வாங்கிக்கொண்டு, பையில் இருக்கும் காஸை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இந்தப் பைகளின் பெரிய ஓட்டை, காயத்தைக் கழுவ ஒன்றுமே இல்லாதது. கிருமிநாசினி தடவிய ஈரத்தாள் இரண்டு இருக்கும், அவ்வளவுதான். வெளியூரில் சின்னக் காயம் பெரிதாவது பெரும்பாலும் உள்ளே மண் தங்குவதால்தான். ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கி வையுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரை அதில் உறிஞ்சி, காயத்துக்குள் விசையாகப் பீய்ச்ச வேண்டும். ஒரு சிரிஞ்சோடு நிறுத்தாமல், அரை லிட்டராவது செலவழியட்டும். பிறகு சுற்றியுள்ள தோலைச் சோப்பு போட்டுக் கழுவி, போவிடோன் அயோடின் களிம்பு மெல்லிசாகத் தடவிக் கட்டலாம். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் நல்ல தோலும் வெந்துபோகும். காயம் வாய்பிளந்து நின்றாலோ, 10 நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ தையல் தேவைப்படும். அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

ஈரோட்டு மஞ்சளைப் பொட்டலம் கட்டி அனுப்பும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். குழம்புக்கு அனுப்புங்கள், காயத்துக்கு வேண்டாம். சமையல் மஞ்சள்தூள் கிருமி நீக்கியதல்ல, காயத்தின் நிறத்தையும் மறைத்துவிடும். சிவந்து பரவுகிறதா, சீழ் வைக்கிறதா என்று பார்க்கிற டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. தீக்காயத்துக்கும் மஞ்சள், பேஸ்ட், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் மருந்து.

பையில் வரும் கிரேப் பேண்டேஜ் (சுளுக்குக்குச் சுற்றும் இழுபடும் துணிக்கட்டு) ஒல்லியாக இருக்கும். கணுக்கால் பிசகினால் அது கயிறு மாதிரி ஒரே இடத்தில் அறுக்கும். 10 செ.மீ. அகலமுள்ளதாக மாற்றுங்கள். பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக வைத்து, கால்விரல்களின் அடியில் இரண்டு சுற்று, பிறகு கணுக்காலைச் சுற்றி எட்டு வடிவில், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி, கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை வரை போகட்டும். கட்டி முடித்ததும் கால் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு விரலை எடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம், பிரித்துக் கட்ட வேண்டும். கூட வரும் பல்லுள்ள கிளிப் முதல் நாளே தொலைந்துவிடும், டேப் போட்டு ஒட்டுவதே மேல். முதல் இரண்டு நாள் நீவிவிடவே கூடாது. நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்பின் பின்னோரத்தை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சில பைகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இருப்பதிலும் ஒரு சிக்கல். சுமார் 21 கிராம் பொட்டலம் 1 லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சின்னது 200 மி.லி.க்கு. பெரியதைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினால் உப்பு பல மடங்காகி, போக்கு அதிகமாகும், குழந்தைக்கு ஆபத்தே வரும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். குடல் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுப்பதே அந்தக் குளுக்கோஸோடு சேர்த்துத்தான். அதனால் கூடுதல் சர்க்கரையோ ஜூஸோ சேர்த்துக் கணக்கைக் கெடுக்காதீர்கள். 1 லிட்டர் பொட்டலம் ஆறு, கோடு போட்ட 1 லிட்டர் பாட்டில் ஒன்று எடுத்துப் போங்கள். கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பொட்டலம் தீர்ந்துவிட்டால் 1 லிட்டருக்குத் தலைதட்டிய டீஸ்பூனில் சர்க்கரை ஆறு, உப்பு அரை. ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் இருந்தாலோ போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையைத் தொடக் கூடாது.

மாத்திரை விஷயத்தில் தவறு பையிலும் இருக்கிறது, கடையிலும் இருக்கிறது. நம் கடைகளில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை கொடுப்பது வழக்கம். வெட்டிய துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. வெளிநாட்டுச் சுங்கத்தில் அதைக் காட்டி என்ன சொல்வீர்கள்? முழு அட்டையாக, பில்லோடு, மருத்துவர் சீட்டோடு வாங்குங்கள். ஜப்பானில் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துக்குத் தடை. அமீரகத்தில் ட்ராமடால், கோடீன் என்ற வலி மருந்துகள் முன் அனுமதி இல்லாமல் போகாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்: பெரியவர்களுக்கு 650 மி.கி., நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் ஆறு மாத்திரைக்கு மேல் வேண்டாம். டெங்கு உள்ள ஊர்களில் ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும்; பையில் இருந்தால் எடுத்துவிடுங்கள். கத்தரிக்கோலும் முட்கிடுக்கியும் விமானத்தில் கைப்பையில் வேண்டாம், பெட்டியில் போடுங்கள்.

எந்தப் பையாலும் ஆகாதது ஒன்று உண்டு. நாயோ குரங்கோ கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி (ரேபிஸ்) தடுப்பூசி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். தடுப்பூசி கிடைத்தாலும், ஆழமான கடிக்குத் தேவைப்படும் இம்யூனோகுளோபுலின் (உடனே வேலை செய்யும் எதிர்ப்புப் புரத ஊசி) சின்ன ஊர்களில் கிடைப்பது அரிது. கிளம்பும் முன்பே 0, 7, பிறகு 21 அல்லது 28 ஆகிய நாள்களில் மூன்று ஊசி போட்டுக்கொண்டால், கடித்த பிறகு 0, 3 என்று இரண்டே ஊசி, இம்யூனோகுளோபுலினும் தேவையில்லை. 1907இல் குன்னூரில் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகப் பாஸ்டர் நிலையம் தொடங்கிய மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இதைத் தெரியாமல் கிளம்புவது வருத்தமாக இருக்கிறது. டிக்கெட் போட்டதும் இதற்கு நாள் குறித்துவிடுங்கள், ஒரு மாதமாவது வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று தேதியையும் எழுதி வையுங்கள்.

தெர்மாமீட்டர், கையுறை, முட்கிடுக்கி மூன்றும் பையில் வருவதே போதும். தெர்மாமீட்டர் பேட்டரியை மட்டும் சோதித்துவிடுங்கள்.

எங்கள் முடிவு: ஒரு பொருளும் மாற்றாமல் எடுத்துப் போவதானால் 5க்கு 2. காஸ், கிரேப் பேண்டேஜ், மாத்திரை மூன்றையும் மாற்றி, சிரிஞ்சும் ஓ.ஆர்.எஸ்.ஸும் சேர்த்தால் 4 தரலாம். சர்ஜிக்கல் கடையில் காலிப் பை கிடைத்தால் அதை வாங்கி நீங்களே நிரப்புவது இன்னும் நல்லது.

ஊர் திரும்பியதும் தெர்மாமீட்டரைப் பரணில் போட்டுவிடாதீர்கள். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்து, எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.