எஃப்எம் ஃபில்டர்: மூணு வருஷம் மாடில வச்சு பாத்த அனுபவம்

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், "நோவா சாட்டிலைட் எல்லாம் 2025லயே நிறுத்திட்டாங்கல்ல, உன் எஃப்எம் ஃபில்டர் சும்மாதான கிடக்கு, எனக்கு குடுடா"ன்னு. நோவான்னா அமெரிக்காவோட வானிலை சாட்டிலைட், அது அனுப்புற மேகப் படத்த மாடில ஆன்டெனா வச்சு நானே பிடிச்சுட்டு இருந்தேன்; எஃப்எம் ரேடியோ ஸ்டேஷன் சிக்னல உள்ள விடாம தடுக்கிறதுதான் இந்த ஃபில்டர். இல்லடா, இப்பதான் அது ரொம்ப தேவை. நோவால சிக்னல் கெட்டா படத்துல கோடு விழுந்துச்சு, மேகம் எங்கன்னாவது தெரிஞ்சுது. இப்ப நான் பிடிக்கிற ரஷ்யாக்காரன் மீட்டியோர் சாட்டிலைட் டிஜிட்டல், கொஞ்சம் கெட்டாலும் அந்த இடம் மொத்தமா கருப்பு பட்டைதான்.

எங்க மொட்டை மாடில நின்னா எஃப்எம் டவர் கண்ணுக்கே தெரியும். ஆர்டிஎல் டாங்கிள் (சிக்னல கம்ப்யூட்டருக்கு குடுக்குற யூஎஸ்பி ரிசீவர்) வெறும் 8 பிட்டு, பலமான சிக்னலையும் சன்னமானதையும் ஒண்ணா சமாளிக்காது; 137.9 மெகாஹெர்ட்ஸ்ல வர்ற சன்னமான சாட்டிலைட் சிக்னலுக்காக கெயின, அதாவது பெருக்குற அளவ, ஏத்தினா 88ல இருந்து 108 வரைக்கும் உள்ள எஃப்எம் ஸ்டேஷன் எல்லாம் சேந்து உள்ள பூந்துடும், ஸ்க்ரீன்ல சிக்னல கலரா காட்டுற வாட்டர்ஃபால் முழுக்க மஞ்சளாயிடும், பாட்டே இருக்கக்கூடாத இடத்துல பாட்டு கேக்கும்.

ஃபில்டர் வாங்கினதும் எல்என்ஏக்கும் (சன்னமான சிக்னல பெருக்குற சின்ன ஆம்ப்ளிஃபையர்) டாங்கிளுக்கும் நடுவுல மாட்டினேன், அது தப்பு. எல்என்ஏக்கு கரண்ட் கேபிள் வழியாதான் போகணும், என் ஃபில்டர் அந்த டிசி கரண்ட விடாது, எல்என்ஏ ஆன் ஆகவே இல்ல, அது தெரியாம ரெண்டு வாரம் வி டைபோல் ஆன்டெனா கம்பி 53.4 செமீ சரியா இருக்கான்னு டேப் வச்சு அளந்துட்டே இருந்தேன். அப்படியே ஆன் ஆயிருந்தாலும் எல்என்ஏ உள்ளயே குழம்பின சிக்னல பின்னாடி வர்ற ஃபில்டர் பிரிக்க முடியாது. ஆன்டெனா, ஃபில்டர், அப்புறம்தான் எல்என்ஏ. மாத்தி மாட்டி கெயின 49.6 டெசிபல்ல இருந்து 32.8க்கு இறக்கின அன்னிக்கு மத்தியானமே இலங்கை கரை விளிம்பு வெட்டு விழாம வந்துச்சு, அந்த படம் இன்னும் என் போன்ல இருக்கு.

ஆனா ஃபில்டர்ல கேபிள திருகி மாட்டுற அந்த எஸ்எம்ஏ கனெக்டர்! போன ஐப்பசி மழைல டப்பாக்குள்ள மூடி வச்சும் நட்டு பச்சை பூத்துடுச்சு, நடு பின் ஆட ஆரம்பிச்சுது, தொட்டா சிக்னல் வரும் விட்டா போயிடும், ரெண்டு தடவ சால்டர் வச்சுட்டேன். வித்தவங்களுக்கு மெயில் போட்டேன், பதிலே இல்ல. இவ்ளோ நல்ல சர்க்யூட்ட போட்டுட்டு வாய்ல இப்படி மட்டமான கனெக்டரா வைக்கிறது?

அதனால வாங்கலாமான்னு கேட்டா இன்னிக்கு வேணாம்னுதான் சொல்வேன். முதல்ல கெயின இறக்கி பாரு. ஒரே ஒரு ஸ்டேஷன்தான் தொல்லைன்னா ஆர்ஜி58ன்னு வர்ற ஆன்டெனா கேபிள் துண்டு, 98 மெகாஹெர்ட்ஸ் ஸ்டேஷனுக்கு சுமார் 50 செமீ, டி கனெக்டர்ல ஆன்டெனா கேபிளோட சேத்து மாட்டி மறு முனைய திறந்தே விடு, அந்த ஸ்டேஷன் அடங்கும், 137லயும் கொஞ்சம் சிக்னல தின்னும், பரவால்ல. எல்லா ஸ்டேஷனும் சேந்து அடிச்சா அது போதாது, அப்ப வா, என்னோடத ஒரு ஞாயித்துக்கிழமை மாட்டி பாத்துட்டு திருப்பி குடுத்துடு.