சீரிஸா, பேரலலா?

வீட்டு வயரிங்குக்கு எது நல்லது என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும்: பேரலல், அதாவது பக்க இணைப்பு. ஒரு பல்பு போனாலும் மற்றவை எரியும், ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் வைக்கலாம், எல்லாவற்றுக்கும் முழு மின்னழுத்தம் கிடைக்கும். ஆனால் அதற்காகத் தொடரிணைப்பைப் பாடப்புத்தகத்தோடு மூடி வைத்துவிட முடியாது.

முதலில் கணக்கு. 12 வோல்ட் பேட்டரி, தலா 6 ஓம் தடையுள்ள இரண்டு சூடேற்றும் சுருள்கள். சீரிஸில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் மொத்தத் தடை 12 ஓம், மின்னோட்டம் 1 ஆம்பியர். வேறு வழி இல்லாததால் இரண்டிலும் அதே 1 ஆம்பியர்தான் ஓடும். பங்குபோடப்படுவது மின்னழுத்தம்: தலா 6 வோல்ட், தலா 6 வாட். அதே சுருள்களைப் பேரலலில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் முழு 12 வோல்ட். ஒவ்வொன்றிலும் 2 ஆம்பியர், 24 வாட். பேட்டரி தரவேண்டியதோ 4 ஆம்பியர். சீரிஸில் மொத்தம் 12 வாட், இங்கே 48!

பேரலலில் மொத்தத் தடை 3 ஓம்தான். தடையைச் சேர்க்கச் சேர்க்கத் தடை குறைவதா என்று புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான். சேரும் ஒவ்வொரு கிளையும் மின்னோட்டத்துக்கு இன்னொரு பாதை; பாதை கூடினால் ஓட்டம் கூடத்தானே செய்யும்?

சீரிஸ் தரும் குழப்பம் இதைவிடச் சுவையானது. 230 வோல்ட்டுக்கான 40 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? 40 வாட் பல்புதான். எரியும் நிலையில் அதன் தடை ஏறத்தாழ 1,320 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். ஓட்டம் ஒன்றே என்பதால் தடை கூடிய இடத்தில்தான் அழுத்தமும் வெப்பமும் கூடும். 100 வாட் பல்பின் இழை சரியாகச் சூடாகாததால் அதன் தடை இன்னும் குறைந்து, வித்தியாசம் மேலும் பெருகும்.

பேரலலின் பலவீனம் அதன் தாராளத்தில் இருக்கிறது. கேட்கும் கருவிக்கெல்லாம் ஓட்டத்தைக் கொடுத்துக்கொண்டே போகும். பொது வயர் சூடேறுவதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அதைத் தடுக்க நிற்பது ஃபியூஸ், அதுவும் சீரிஸில். மொத்த ஓட்டமும் தன் வழியாகப் போனால்தான் ஃபியூஸால் கண்காணிக்க முடியும். சுவிட்சும் அப்படியே. ஆக, பக்க இணைப்பு வீடு என்று நாம் சொல்வதே முழு உண்மை இல்லை.

எல்இடிகளில் என் ஓட்டு சீரிஸுக்குத்தான். ஒரே ஓட்டம் எல்லாவற்றிலும் போவதால் வெளிச்சம் சீராக இருக்கும். நேரடியாகப் பேரலலில் வைத்தால், சற்றுக் குறைந்த அழுத்தத்திலேயே கடத்தத் தொடங்கும் எல்இடி அதிக ஓட்டத்தை இழுத்துச் சூடாகும். சூடாக ஆக இன்னும் இழுக்கும். கிளைக்கொரு மின்தடையம் போட்டால் தப்பிக்கலாம்.

பேட்டரி செல்களில் தேவைதான் தீர்மானிக்கும். நான்கு 1.5 வோல்ட் செல்கள் சீரிஸில் 6 வோல்ட் தரும். பேரலலில் அதே 1.5 வோல்ட்தான், ஆனால் நீண்ட நேரம் வரும். எப்படி இணைத்தாலும் பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது.

ரிப்பேர் மேசைகளில் இருக்கும் சீரிஸ் போர்டையும் சொல்லியாக வேண்டும். பழுது பார்த்த கருவியை நேரே பிளக்கில் செருகாமல், ஒரு குண்டு பல்புக்குத் தொடராக இணைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். வெடிப்போ புகையோ இருக்காது. பேரலலில் அதே பல்பை வைத்தால் ஷார்ட்டுக்கு எந்தத் தடையும் இல்லை, ஃபியூஸ்தான் போகும்.