வழியில் வண்டி நின்றால் யாரை நம்புவது? மோல்மேன்–பெகு சாலையில் நாலு வழிகள்

இங்கே பர்மாவில் மோல்மேனிலிருந்து பெகுவுக்கு ஏறக்குறைய 135 மைல். தட்டோன், பிலின், சாய்ட்டோ, சித்தாங் பாலம், வாவ், பயாஜி என்று போகிற இந்தச் சாலையில் வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். இரங்கூன் நகரத்துக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளுக்குத் தடை, அதனால் பெகுவில் மச்சான் வீட்டில் வண்டியை விட்டுவிட்டு மேற்கொண்டு பஸ்தான். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள், "போன் பண்ணினா ஆள் வந்து வண்டியை எடுத்துட்டுப் போவாங்களே" என்பார்கள். இந்தச் சாலையில் அப்படி யாரையும் நான் நம்பிக் கிளம்புவதில்லை. நமக்கு இருப்பது நாலு வழி: சொந்தக் கை, சாலையோர சயா (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் லாரி, நம் தமிழ் ஆட்கள்.

என் கணக்கில் முதல் இடம் சயாவுக்குத்தான். பழைய டயர் ஒன்றைக் கம்பில் மாட்டித் தொங்கவிட்டிருந்தால் அங்கே பஞ்சர் ஒட்டுவார்கள் என்று அர்த்தம். கடை கண்ணில் படாவிட்டால் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், மெக்கானிக் வீடு எது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. நாம் கையில் வைத்திருக்கும் பசை ஒட்டுக்கும் இவர்கள் போடும் சூட்டு ஒட்டுக்கும் நிறைய வித்தியாசம். டியூபை இறுக்கிப் பிடித்து, பழைய பிஸ்டன் குழிக்குள் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி அந்தச் சூட்டிலேயே ரப்பரை ரப்பரோடு சேர்த்துவிடுகிறார்கள். பசை ஒட்டு சித்திரை வெயிலில் தார்ச் சாலைச் சூட்டுக்கு மெல்லக் கழன்றுகொள்ளும், சூட்டு ஒட்டு டியூபோடு டியூபாகக் கிடக்கும்.

ஆனால் சயாவிடம் எதை ஒப்படைப்பது என்பதில் கவனமாக இருங்கள். பஞ்சர், செயின், கிளட்ச் கேபிள், பிளக், பிரேக் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். எஞ்சினை மட்டும் சாலையோரத்தில் திறக்க விடாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முன் பிலின் தாண்டி வண்டி புகைவிட ஆரம்பித்தது. வழியில் ஒரு கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் சரி பண்ணுகிறேன் என்று ஹெட்டைக் கழற்றினார், புது கேஸ்கெட் இல்லாமல் பழையதையே வைத்து மூடினார், சித்தாங் பாலம் வருவதற்குள் ஆயில் எல்லாம் என் காலில். காசும் போனது, கடைசியில் லாரியிலும் ஏற்ற வேண்டி வந்தது. முதலிலேயே ஏற்றியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சொந்தக் கை இரண்டாவது. சயா கிடைக்காத இடங்களுக்காக அது வேண்டும். பாலத்துக்கும் வாவுக்கும் நடுவே இரண்டு பக்கமும் வயல்தான், நிழல்கூட அபூர்வம். நான் கொண்டுபோவது: ஒரு புது டியூப், இரண்டு டயர் லீவர், கைப்பம்பு, பிளக் ஒன்று, பிளக் ஸ்பேனர், செயினுக்கு ஒரு கிளிப் லிங்க். லிங்க் வாங்கும்போது உங்கள் செயின் அளவு 420-ஆ 428-ஆ என்று பார்த்து வாங்குங்கள், மாறினால் பொருந்தாது. டியூபை வழியில் ஒட்டிக்கொண்டு உட்காராமல் மாற்றிவிட்டுக் கிளம்பி, ஓட்டையை ஊரில் போய் ஒட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, பாட்டிலில் விற்கிற பெட்ரோலில் சில சமயம் தண்ணீர் கலந்திருக்கும். கார்பரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் ஊற்றிய கொஞ்ச தூரத்தில் திக்கித் திக்கி நின்றால் பயப்பட வேண்டாம், கார்பரேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி தண்ணீரை விட்டுவிட்டு மறுபடி உதையுங்கள். மழைக்காலத்தில் பிளக் மூடிக்குள்ளும் தண்ணீர் போகும். மோல்மேனில் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதனால் ஒரு காய்ந்த துணி பையில் இருக்கட்டும்.

இந்த இடத்தில் எந்த வண்டி என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹோண்டா வேவ், அதே மாதிரி எஞ்சின் உள்ள சீன 125 வண்டிகள் இவற்றுக்குச் சின்ன ஊரிலும் கேபிளும் பிளக்கும் கிடைக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டச் சுகம், ஆனால் பெல்ட் அறுந்தால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது, நேரே லாரிதான். தம்பி புது ஸ்கூட்டரில் தூரப் பயணம் போகிறேன் என்றால், பெல்ட்டைப் பார்த்துவிட்டுப் போ என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

லாரி மூன்றாவது. செலவு அதிகம், ஆனால் எஞ்சின் கோளாறுக்கு அதுதான் முறை. சரக்கு இறக்கிவிட்டுச் சும்மா திரும்பும் வண்டியாகப் பார்த்து நிறுத்துங்கள், கட்டணத்தை ஏற்றுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். ஹேண்டிலின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, உரசும் இடத்தில் சாக்கு வைத்து, பெட்ரோல் டேப்பை மூடிவிட வேண்டும். காத்திருக்கும்போது வலது ஓரத்தில் தள்ளி நில்லுங்கள். 1970-லிருந்து இங்கே வலது பக்க ஓட்டம், இந்தியாவிலிருந்து வருகிற உறவினர்கள் பழக்கத்தில் இடது பக்கம் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மண்டலே பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரங்கூன்–மண்டலே வேகச் சாலையில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள். பெகுவிலிருந்து டவுங்கூ, பியின்மனா, மெய்க்டீலா வழியாகப் பழைய சாலைதான். அது நல்லதுதான், அடுத்தடுத்து ஊர் வரும், ஊர் இருந்தால் டீக்கடை இருக்கும், டீக்கடை இருந்தால் சயா கிடைப்பார்.

கடைசியாக நம் ஆட்கள். பகலில் பஞ்சருக்கு யாரையும் தொந்தரவு செய்வதில்லை. இருட்டிவிட்டால் கதையே வேறு, அப்போது வேண்டியது மெக்கானிக் அல்ல, வண்டியோடு தங்க ஓர் இடம். ஒருமுறை தட்டோனுக்கு வெளியே ராத்திரி எட்டு மணிக்கு நின்றபோது, கோயில் தர்மகர்த்தா ஒருவர் மகனை அனுப்பி, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் வீட்டுத் திண்ணையில் நிறுத்தி, சோறும் போட்டார். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது, மோல்மேனில் இருக்கும் பெரியப்பாவின் பெயரைச் சொன்னதும் போதுமாக இருந்தது. அதற்கப்புறம் எண்களைப் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தட்டோனுக்கு இரண்டு, பிலினுக்கு ஒன்று, பெகுவுக்கு மூன்று. சாய்ட்டோவுக்கும் வாவுக்கும் இன்னும் யாரும் அமையவில்லை. அந்தப் பக்கம் நம்மவர்கள் இருந்தால் சொல்லுங்கள், என் எண்ணையும் தருகிறேன், மோல்மேன் பக்கம் உங்கள் வண்டி நின்றால் எந்த நேரமானாலும் கூப்பிடலாம்.