சி4, ஆர்க்42: கொப்பரை மென்பொருளில் பழகிய பிறகு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து, பொள்ளாச்சி கொப்பரை வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் சின்னக் குழு எங்களுடையது. அதன் கட்டமைப்பை, மென்பொருளைப் படங்களாகக் காட்டும் சைமன் பிரவுனின் சி4 முறையில் வரைந்து, கட்டமைப்பு ஆவணத்துக்கான ஆர்க்42 வார்ப்புருவில் எழுதி வைப்பது சில வருடப் பழக்கம்.

சி4-இல் படங்கள் நான்கு அடுக்கு. முதல் அடுக்கு, மென்பொருளைச் சுற்றி யார், எது என்று மட்டும் காட்டும்: மண்டி கணக்கர், எடை மேடை, சரக்கு வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் இ-வே பில்லின் தளம். அதை ஒரு வியாபாரியிடம் நீட்டினோம். விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, லாரி ஆபீஸ்காரரைக் காணோமே? வண்டி நம்பர் அவருதானே சொல்லணும்?" என்றார். இ-வே பில்லின் பி பகுதிக்கு வண்டி எண் வேண்டும். நிரலாளர்களுக்கான யுஎம்எல் படத்தைக் காட்டியிருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

செயலிகளையும் தரவுத்தளங்களையும் காட்டும் இரண்டாம் அடுக்கும் உயிரோடு இருக்கிறது. மூன்றாவது, அவற்றின் உள்ளுறுப்புகள்; நிரலை மாற்றிய மறுவாரமே பழசாகிவிடும், விட்டுவிட்டோம். நிரலையே காட்டும் நான்காவதை வரையவே இல்லை.

வரைய ஸ்ட்ரக்சரைசர் டிஎஸ்எல்; எழுத்தில் சொன்னால் படமாக்கித் தரும். எழுத்தாக இருப்பதால் நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டிலேயே, நிரலோடு கிடக்கும். பெயரை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறும். தானாக அடுக்கச் சொன்னால் மட்டும் சில சமயம் அம்புகள் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கொள்ளும்.

ஆர்க்42-இல் 12 பிரிவுகள். பாதிதான் நிரப்பினோம், வேண்டாததை விடலாம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். அதிகம் திறப்பது 9-ஆவது பிரிவு, கட்டமைப்பு முடிவுகள். அதற்கு மைக்கேல் நைகார்ட் 2011-இல் சொன்ன முடிவுக் குறிப்பு வடிவம்: சூழல், முடிவு, நிலை, விளைவு. நாங்கள் எழுதுவது ஒரு பக்கம் தாண்டாது.

ஓர் உதாரணம். கொப்பரை மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே போனால் வரம்பு 1 லட்சம். வரியும் அப்படித்தான்: உள்ளே மத்திய, மாநில ஜிஎஸ்டி என 2.5 சதவீதம் வீதம் இரண்டாகப் பிரியும், வெளியே ஒரே வரியாக 5 சதவீத ஐஜிஎஸ்டி. அதனால் வரம்பையும் வரியையும் நிரலில் புதைக்காமல் மாநில வாரியாகத் தனி அட்டவணையில் வைத்தோம். புதிதாக வந்த பையன், "எதுக்குண்ணா இவ்வளவு சுத்தி வளைச்சு?" என்றான். குறிப்பைத் திறந்து கொடுத்தேன், அப்புறம் கேட்கவில்லை. (அவன் தமிழ் நன்றாகப் பேசுவான், படித்தது மலையாளம். அதனால் குறிப்புகள் ஆங்கிலத்தில்.) முடிவு மாறினால் பழைய குறிப்பை அழிக்க மாட்டோம்; நிலையை மாற்றி, புதியதன் எண்ணைப் போடுவோம்.

தனி ஆளாக எழுதுபவருக்கு முதல் படமும் முடிவுக் குறிப்புகளும் போதும். ஆர்க்42-ஐ மூன்றாவது ஆள் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.