பிக் பேர் காட்டில் ‘தனி முகாம்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

லாஸ் ஏஞ்சலஸ், இர்வைன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலரும் கோடையில் பிக் பேர் மலைக்குப் போவீர்கள். அங்கே சான் பெர்னார்டினோ தேசிய வனத்துக்குள் மண் பாதையில் ஓட்ட ஆஃப்-ரோடு வண்டி, டென்ட் போட இடம், விறகு எல்லாம் சேர்த்து ‘பேக்கேஜ்’ என்று விளம்பரம் கண்ணில் பட்டால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் இரண்டு குடும்பங்களிடம் 640 டாலர் வாங்கினார்கள். அதில் இடத்துக்கு மட்டும் 180. அந்த இடமோ, அப்போது யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தங்க முடிந்த வனத்துறை இடம்.

ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். மூட்டு வலி உள்ளவர் என்பதால் கழிப்பறை உண்டா என்று முன்கூட்டியே கேட்டேன். “நடக்கிற தூரத்தில் இருக்கிறது” என்று எழுத்திலேயே பதில் வந்தது. ஹோல்கம் பள்ளத்தாக்கு தாண்டிப் போய்ப் பார்த்தால், மண் சாலையோரம் எண் எழுதிய ஒரு மஞ்சள் கம்பம், நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். அவ்வளவுதான். குழாய் இல்லை, கழிப்பறை இல்லை. அத்தை அன்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். 7,000 அடிக்கு மேல், அந்த வறண்ட காற்றில் இப்படி இருந்தால் என்ன ஆகும்? விடிவதற்குள் தலைவலியும் வாந்தியும். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

‘அமைதியான இடம்’ என்பதும் பொய். டென்டிலிருந்து சில அடி தூரத்தில் ஆஃப்-ரோடு பாதை. இருட்டிய பிறகும் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன, காலையில் மறுபடி ஆரம்பித்தன. ஓட்டுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர்களுக்கான பாதை. அந்த ஓரத்தில் குழந்தைகளோடு தங்க வைத்தவரைத்தான் சொல்கிறேன். சாப்பாட்டுப் பாத்திரம் வரை புழுதி.

மறுநாள் அந்த வழியாக வந்த ரேஞ்சர் சொல்லித்தான் விவரமே தெரிந்தது. இவற்றை ‘யெல்லோ போஸ்ட்’ இடங்கள் என்கிறார்கள். நாங்கள் போனபோது முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கே இடம். தனியார் யாரும் இதை வாடகைக்கு விட முடியாது. தேசிய வனத்துக்குள் பணம் வாங்கித் தொழில் செய்ய வனத்துறையின் சிறப்பு அனுமதி வேண்டும்.

அப்புறம் விறகு. “தாராளமாகத் தீ மூட்டலாம்” என்று சொல்லி ஒரு கட்டு கொடுத்திருந்தார்கள். அப்போது தீத்தடை அமலில் இருந்தது. கேஸ் அடுப்பு பற்றவைக்கவே கலிஃபோர்னியாவில் கேம்ப்ஃபயர் பர்மிட் வேண்டும். அது ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கிறது. தடையை மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. மாட்டியிருந்தால் விசா, கிரீன் கார்டு விஷயத்தில் எங்கே கொண்டுபோய் விட்டிருக்குமோ தெரியாது. 2020இல் ஒரு சிறிய புகைக்குண்டு தொடங்கி வைத்த எல் டொராடோ தீ எரித்ததும் இதே வனத்தைத்தான். நல்லவேளை, புழுதியில் யாருக்கும் தீ மூட்டும் மனநிலை இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அடுத்த பஞ்சாயத்து. அடிப்பாகத்தில் கீறல் என்று 1,500 டாலர் டெபாசிட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். எடுத்தபோது நண்பர் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்திருந்தார். அதில் கீழ்த்தகட்டின் பழைய கீறல் தெளிவாகத் தெரிகிறது. நீங்களும் எடுங்கள். குனிந்து அடியிலும் எடுங்கள், அவர்கள் கை வைப்பது அங்கேதான். வண்டியில் காலாவதியாகாத பச்சை ஸ்டிக்கர் (ஆஃப்-ரோடு வண்டிக்கான மாநிலப் பதிவு) இருக்கிறதா, புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வழியில் பிடிபடுவது ஓட்டுகிற நீங்கள்.

இடம் வேண்டுமென்றால் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் வனத்துறை கேம்ப்கிரவுண்டாகப் பதிவு செய்யுங்கள். கழிப்பறை உண்டா என்பது அங்கேயே எழுதியிருக்கும். எந்தப் பாதையில் எந்த வண்டி போகலாம் என்று காட்டும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை வனத்துறை இலவசமாகத் தருகிறது. டென்ட் போடும் இடத்தை அதில் வைத்துப் பார்த்தால் சத்தம் எவ்வளவு பக்கத்தில் என்று தெரிந்துவிடும். யாராவது இடம் தருகிறேன் என்றால் சிறப்பு அனுமதி எண்ணைக் கேளுங்கள். எங்களுக்குப் பின் விசாரித்த இன்னொரு நண்பர் கேட்டார், உரையாடலையே பிளாக் செய்துவிட்டார்கள்.

பணத்தை கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். நாங்கள் டெபாசிட்டைக் கார்டில் கொடுத்ததால், வீடியோவை அனுப்பி வங்கியில் புகார் செய்தோம், 1,500 திரும்ப வந்துவிட்டது. ஃபோன் ஆப்பில் அனுப்பிய 640 வரவில்லை. விளம்பரத்தின் படத்தையும் உரையாடலையும் ரேஞ்சர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். இதேபோல் பணம் கட்டியவர்கள் இருந்தால் நீங்களும் கொண்டுபோய்க் கொடுங்கள்.