ஊறுகாயா, சிவப்பா?

மாதவிடாய் நாள்களில் பெண்கள் ஊறுகாயைத் தொடக் கூடாது என்ற தடையை மீறச் சொல்லி, விஸ்பர் நாப்கின் விளம்பரம் 2014இல் இந்தியாவில் 'ஊறுகாயைத் தொடு' என்றது. லிப்ரெஸ் நாப்கின் விளம்பரம் 2017இல் ஐரோப்பாவில், இரத்தத்துக்குப் பதிலாக வழக்கமாகக் காட்டப்படும் நீலத் திரவத்தைக் கைவிட்டுச் சிவப்பையே காட்டியது.

சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்களுக்கு முதலாவதே நெருக்கமாகப்படும் என்பேன். சாமி அறைக்குள் வராதே, ஊறுகாய் ஜாடியைத் தொடாதே என்பவை ஈசூன் அடுக்குமாடி வீடுகளுக்குள்ளும் புகுந்த சொற்கள்தாமே! அதைத் தொட்டு மீறும் பெண்ணைப் பாட்டியோடு சேர்ந்தே பார்த்துச் சிரிக்கலாம். 2015இல் கான் லயன்ஸ் விளம்பர விழாவில் அந்த விளம்பரத்துக்கு உயரிய விருதும் கிடைத்தது.

லிப்ரெஸின் சிவப்பு இன்னும் நேர்மையானது. ஆனால் மாமனாரும் அமர்ந்திருக்கும் கூடத்தில் அது ஓடினால் பலர் ரிமோட்டைத் தேடுவார்கள். கல்லூரி மாணவிகள் கைத்தட்டக்கூடும்.

இரண்டும் விற்பது நாப்கின்தான். வீட்டில் பேச்சைத் தொடங்க ஊறுகாயையே தேர்வேன். மகளிடம் நேரடியாகப் பேச, சிவப்பு.