சாமியை வாசலில் விட்டுவிட்டா சிகிச்சை அறைக்குள் வருவது?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர், கடலூர் தேவனாம்பட்டினத்தில் இன்றும் கரைப்பக்கம் போக முடியாமல் தவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாசி மகத்தன்று உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு அதே கரைக்கு எழுந்தருளும்போது, ஊரே அங்கே திரண்டிருக்க, அவர் மட்டும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார். அவர் உளவியல் ஆலோசகரைத் தேடி வந்தால், கூடவே வரும் அவருடைய சாமிக்கு அந்த அறையில் என்ன இடம் என்பதற்கு மூன்று விடைகள் உள்ளன.

முதல் விடை, சிகிச்சையையும் நம்பிக்கையையும் தனித்தனியே வைப்பது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையில், வாட்டும் எண்ணத்தை எடுத்து அதற்கு ஆதாரம் உண்டா என்று ஆலோசகரும் வந்தவரும் சேர்ந்து ஆராய்கிறார்கள். ஆலோசகர் தம் மதத்தைத் திணிக்க இதில் வழியில்லை. இந்தப் பிரிவினையை ஆன்மிகத் தரப்பும் கேட்டதுண்டு: 1910இல் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர், ஆழ்மனத்தைத் தோண்டி ஆராயும் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வை யோகத்தோடு கலக்கக் கூடாது என்று சீடர்களுக்குக் கடிதங்களில் எழுதினார். ஆனால், “நான் செஞ்ச பாவத்துக்குத்தான் சாமி என் புள்ளைய எடுத்துக்கிச்சு” என்பதே அந்தத் தாயை வாட்டும் எண்ணமாக இருக்கும்போது, சாமியைத் தொடாமல் அந்த எண்ணத்தைத் தொட முடியாது.

இரண்டாவது, தியானத்தை மட்டும் மதத்திலிருந்து பிரித்தெடுப்பது. ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி பௌத்தத் தியானத்தை வேராகக் கொண்டது. திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வைத் தடுக்க அதன் வழிவந்த முறைகள் உதவுகின்றன. எனினும் கண்ணை மூடினாலே அலை வந்து நிற்கும் ஒருவரை மூச்சைக் கவனிக்கச் சொல்வது சில வேளை வதையாகிவிடும்.

மூன்றாவது, வந்தவரின் நம்பிக்கையையே சிகிச்சையின் பகுதியாக்குவது. நான் சார்ந்து நிற்பது இதையே. கடவுள் துணையிருக்கிறார் என்ற நம்பிக்கை துயரைத் தாங்க உதவுவதையும், கடவுள் தண்டிக்கிறார் என்ற எண்ணம் துயரைக் கூட்டுவதையும் கென்னத் பார்கமென்ட் போன்ற உளவியலாளர்கள் பிரித்துக் காட்டியுள்ளனர். தண்டனை என்ற எண்ணத்தில் சிக்கியவரிடம் பேச நம் மண்ணிலேயே வழி இருக்கிறது. கடலூர் மாவட்டத்துத் திருவதிகையில், சூலை நோயால் துடித்த அப்பர் பாடிய முதல் பதிகம், எமனாக வந்த இந்த நோயை விலக்க மாட்டீரோ என்று இறைவனிடமே முறையிடுவதாகத் தொடங்குகிறது. சாமியிடம் கோபப்படுவது பாவமாகுமோ என்று அஞ்சும் சைவத் தாய்க்கு, ஆலோசகரின் எந்த விளக்கத்தையும்விட இது நெருக்கமானது. அவருடைய சம்மதத்தோடு, ஒரு வாரம் தெருமுனை வரை, அடுத்த வாரம் மணல் விளிம்பு வரை என்று படிப்படியாக நடத்திச் சென்று, தீர்த்தவாரியன்று சாமிக்குப் பின்னால் அவரைக் கரையில் நிற்கவைக்கலாம். அச்சத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் சிகிச்சைதான் இதுவும். அவர் நடந்துபோகும் பாதையை அவருடைய நம்பிக்கை தருகிறது. மாதாவையோ அல்லாவையோ வேண்டுபவருக்குப் பாதை வேறாகும். நம்பிக்கையே இல்லாதவரிடம் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு. அழ வேண்டிய துக்கத்தைப் பக்தியால் மூடிவிடுவதை உளவியலாளர் ஜான் வெல்வுட் 1984இலேயே ஆன்மிகத் தப்பித்தல் என்று சுட்டினார். அதைவிடப் பெரிய ஆபத்து, திருநீறு பூசியாயிற்று என்று மாத்திரையை நிறுத்துவது. செத்துப்போ என்று காதில் குரல் கேட்பதாகச் சொல்பவருக்கு முதலில் தேவை மனநல மருத்துவர்; அந்த நேரத்தில் யாரை அழைப்பதென்று தெரியாத வீட்டார் 14416 என்ற டெலிமானஸ் (இந்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை) எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.